கரவாஜியோவைப் பிரதி எடுக்கும் முன் விளக்கு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

கேள்வி இது: "குரோம்பேட்டையில் இருக்கிறேன். அலுவலக வேலைக்கு நடுவே இரண்டு வருடமாக எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். பழைய மேதைகளின் ஓவியங்களைப் பிரதி எடுத்தால் அந்த அழுத்தமான ஒளியும் நிழலும் கைக்கு வரும் என்று நம்பி, கரவாஜியோ இரண்டு, ரெம்பிராண்ட் ஒன்று என மூன்று படம் முடித்தேன். மூன்றுமே கரி பூசியது போல இருக்கின்றன. முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி தெரிகிறது. பிரதி எடுப்பதே தப்பான வழியா? வகுப்பில் சேராமல் இதைக் கற்க முடியுமா?"

வழியில் தப்பே இல்லை. ரூபன்ஸ் 1628-இல் மாட்ரிட் போனபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியவர். அப்போதும் ஸ்பெயின் மன்னரின் சேகரிப்பில் இருந்த டிஷியன் ஓவியங்களுக்கு முன்னால் நின்று அவற்றைப் பிரதி எடுத்திருக்கிறார். அதற்கும் முன்னால் கரவாஜியோ வரைந்த, கிறிஸ்துவை அடக்கம் செய்யும் காட்சியைத் தன் விருப்பத்துக்குச் சில மாற்றங்களோடு வரைந்து பார்த்திருக்கிறார். நம் ஊரில் சங்கீதம் படிக்கிற பிள்ளைகளைப் பாருங்கள். வர்ணத்தை ஆயிரம் தடவை அப்படியே பாடிய பிறகுதான் சொந்தமாக ஸ்வரம் போட வாய் திறக்கிறது. ஓவியத்தில் பிரதிக்கு அந்த இடம்.

ஆனால் நீங்கள் எதைப் பிரதி எடுக்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல். கருமையைப் பார்த்துக் கருமையைப் பூசியிருக்கிறீர்கள். அந்தக் கருமைக்குக் காரணமான விளக்கைத் தேடவில்லை.

கரவாஜியோவின் 'புனித மத்தேயு அழைக்கப்படுதல்' ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். 1599, 1600 வாக்கில் வரைந்தது. ரோம் நகரத்தில், சான் லூயிஜி தே பிரான்செசி தேவாலயத்தில் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. படத்தின் மேல்பகுதியில் ஒரு ஜன்னல் வரைந்திருக்கிறார். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஒளி அதன் வழியாக வருவதாக நினைத்துவிடுவார்கள். அந்த ஜன்னல் மங்கிக் கிடக்கிறது, ஒரு பொட்டு வெளிச்சமும் அதிலிருந்து வரவில்லை. ஒளி வருவது வலது மேல் மூலையில், படச்சட்டத்துக்கு வெளியே இருந்து. கிறிஸ்துவின் தலைக்கு மேலாகச் சாய்வாக இறங்கி, மேஜையைச் சுற்றி இருப்பவர்களின் முகத்தில் விழுகிறது. அந்த ஓவியம் பீடத்துக்கு இடப்பக்கச் சுவரில் இருக்கிறது. பீடத்தின் மேலே நிஜமான ஜன்னல். அதாவது அறைக்குள் வெளிச்சம் வரும் திசையும் படத்துக்குள் வெளிச்சம் வரும் திசையும் ஒன்றே. இதைக் கண்டுபிடித்த பிறகு அந்தப் படத்தில் எந்த நிழலும் புதிர் இல்லை. யார் மூக்கு எந்தப் பக்கம் நிழல் போடும், எந்தக் கை இருட்டுக்குள் போகும் என்று படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அதனால் தூரிகையைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது: படத்தை ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையாக அச்செடுங்கள். ஒளி வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். அப்புறம் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தபடி, தாளில் வெளிச்சம் பட்ட பகுதிகளை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறத்தில் மார்க்கரால் நிரப்புங்கள். இரண்டே டோன், மூன்றாவது கிடையாது. கண், புருவம், தாடி என்று பார்க்காதீர்கள். ஒரு முகத்தின் நிழல்பக்கமும் பின்னால் இருக்கும் இருட்டும் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும். இதைச் சரியாகச் செய்தால், அந்தச் சாம்பல் திட்டுகளுக்கே ஓர் அழகான வடிவம் இருப்பது தெரியும். கரவாஜியோவின் பலம் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. ஒளி பட்ட இடம் எவ்வளவு குறைச்சல் என்பதையும் கவனியுங்கள்.

இந்த இரண்டு பங்கையும் நான் வெளிச்சக் குடும்பம், நிழல் குடும்பம் என்று சொல்வேன். ஒரே ஒரு சட்டம்: நிழல் குடும்பத்தில் எவ்வளவு வெளிச்சமான ஆள் இருந்தாலும், வெளிச்சக் குடும்பத்தின் கடைசி ஆளைவிடக் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். எல்லோரும் வழுக்குகிற இடம் எதிரொளி. தாடைக்குக் கீழே, சட்டையில் பட்டுத் திரும்பிய லேசான வெளிச்சம் இருக்குமே, அது இருட்டுக்கு நடுவில் இருப்பதால் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும். அங்கே வெள்ளை கலந்து பூசிவிடுவோம். உடனே தாடை தகரம் மாதிரி ஆகிவிடும். ஒரு காகிதத்தில் பட்டாணி அளவு ஓட்டை போட்டு, அதன் வழியாக அந்த இடத்தையும் கன்னத்தின் வெளிச்சப் பகுதியையும் மாறி மாறிப் பாருங்கள். எதிரொளி எவ்வளவு இருட்டு என்று தெரிந்து அசந்துபோவீர்கள்.

இனி "கரி பூசியது போல" என்பதற்கு வருகிறேன். இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். உங்களுக்கு மூன்றுமே இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, நிழலைக் கறுப்பு ட்யூபிலிருந்து எடுப்பது. நான் மாணவனாக இருந்தபோது என் ஆசிரியர் ஒருநாள் என் பெட்டியிலிருந்து ஐவரி பிளாக் ட்யூபை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இரண்டு மாசம் கழிச்சுக் கேளு" என்றார். அந்த இரண்டு மாதத்தில்தான் அம்பர் என்ற பழுப்பு மண் நிறம் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. ரெம்பிராண்ட் நிழல்களைப் பெரும்பாலும் மெல்லிசாக, அடித்தளத்தின் பழுப்பு தெரியும்படி விட்டிருப்பார். ஒளி பட்ட இடத்தில்தான் வண்ணத்தைத் தடிமனாக ஏற்றுவார். மெல்லிய நிழலுக்குள் கண் நுழைந்து போகிறது, தடித்த வெள்ளையில் பட்டு நிற்கிறது. நீங்கள் நிழலைத் தடிமனாகக் கறுப்பில் பூசினால் அந்த ஆழமே அடைபட்டுப் போகும். படத்தில் நிழல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தகடு நிற்கும்.

இரண்டாவது, காய்ந்த பிறகு நடப்பது. அம்பர் கலந்த இருண்ட பகுதிகள் காயும்போது எண்ணெயைக் கீழ்ப்பூச்சு உறிஞ்சிக்கொள்ளும். மேலே பளபளப்புப் போய், வெளுத்துச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். ராத்திரி ஆழமாக இருந்த நிழல் மூன்றாம் நாள் தூசி படிந்த கரும்பலகை போல இருக்கும். உடனே நாம் என்ன செய்வோம்? "இருட்டு பத்தலை" என்று இன்னொரு பூச்சுக் கறுப்பு. அது காய்ந்ததும் இன்னொன்று. அந்த இடத்தில் வேண்டியது வண்ணமே இல்லை. நன்றாகக் காய்ந்த பகுதியில், ஆளிவிதை எண்ணெயை மிகக் கொஞ்சமாகத் தடவி, உடனே துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பழைய ஆழம் திரும்பிவிடும். அதன் பிறகும் இருட்டு போதவில்லை என்றால் மட்டும் வண்ணம்.

மூன்றாவது, நீங்கள் வேலை முடிந்து வந்து ராத்திரி வரைகிறவர் என்று ஊகிக்கிறேன். ஈசலுக்கு மேலே ஒரு பிரகாசமான எல்.ஈ.டி. விளக்கை நேராகத் தொங்கவிட்டிருந்தால், அந்த வெளிச்சத்தில் கான்வாஸ் தேவைக்கு மேல் வெளுப்பாகத் தெரியும். அதைச் சரிக்கட்டக் கை தானாக இன்னும் இருட்டாகப் பூசும். மறுநாள் படத்தை ஹாலில் மாட்டினால் கிணறு. விளக்கைக் கொஞ்சம் தள்ளி, சுவரில் பட்டுத் திரும்பி வருகிற மாதிரி வையுங்கள். வாங்கும்போது அட்டையில் சி.ஆர்.ஐ. (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் குறைந்தால் சிவப்பும் தோல் நிறமும் ஏமாற்றும்.

பகலில் வரைபவர்களுக்கு இதிலேயே ஒரு கிளைச்செய்தி. 'வடக்குப் பார்த்த ஜன்னல்தான் ஓவியனுக்கு, அதில் வெயில் விழாது' என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். அது ஐரோப்பாவுக்கு எழுதியது. சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப்பார்க்கும். ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் போதும்.

எந்தப் படத்தைப் பார்த்து வரைகிறீர்கள் என்பதும் முக்கியம். யாரோ அனுப்பிய சின்னப் படத்தை போனில் பெரிதாக்கி வரையாதீர்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் இரண்டும் மிகப் பெரிய கோப்புகளை இலவசமாகத் தருகின்றன. தூரிகை மயிரின் தடம் வரைக்கும் தெரியும். அதிலும் பழைய வார்னிஷ் மஞ்சளடித்த படங்களிடம் எச்சரிக்கை தேவை. ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த பெரிய ஓவியத்துக்கு 'இரவுக் காவல்' என்று பேர் வந்ததற்கே வார்னிஷ் கறுத்ததுதான் பெரிய காரணம். அவர் வரைந்தது பகல் காட்சி. 1940-களில் கறுத்த வார்னிஷை எடுத்த பிறகு பகல் மறுபடி தெரிந்தது. அழுக்கையும் சேர்த்துப் பிரதி எடுக்க வேண்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். முழுப் படத்தை எடுக்காதீர்கள். ஒரு கை, ஒரு காது, ஒரு கிண்ணம் போதும். நான் என் மாணவர்களுக்கு முதலில் கொடுப்பது பெர்லினில் இருக்கும் 'தங்கத் தலைக்கவசம் அணிந்த மனிதன்' ஓவியத்தின் தலைக்கவசப் பகுதி. நெடுங்காலம் ரெம்பிராண்டின் சிறந்த படைப்பு என்று கொண்டாடப்பட்டது. 1980-களில் நடந்த ஆய்வுக்குப் பிறகு அவர் கையால் வரைந்ததில்லை, அவரைச் சூழ்ந்திருந்த வேறொருவர் வேலை என்று முடிவானது. அதனால் அதன் பாடம் ஒன்றும் குறையவில்லை. அந்தப் படத்தில் மனிதனின் முகம் மங்கலில் இருக்கிறது. ஒளியெல்லாம் கவசத்துக்கு. முகத்துக்குத்தான் வெளிச்சம் தர வேண்டும் என்று நம் கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறதே, அதை அந்தப் படம் உடைத்துவிடும். தவிர, பித்தளை குத்துவிளக்கு பார்த்து வளர்ந்த நமக்கு அந்த மினுக்கம் அன்னியமில்லை.

ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குல கான்வாஸ் அல்லது ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய எம்.டி.எஃப். பலகை. அதன் மேல் ரா அம்பரைக் கொஞ்சம் டர்பென்டைனில் கரைத்து முழுக்கப் பூசுங்கள். டீ டிகாக்ஷன் நிறம் வரட்டும். அது ஈரமாக இருக்கும்போதே, பழைய பருத்தி வேட்டித் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும் இடங்களைத் துடைத்து எடுங்கள். இங்கே நீங்கள் வண்ணம் வைப்பதில்லை, எடுக்கிறீர்கள். கவசத்தின் முகடு ஒரு துடைப்பில் வெளியே வரும். அழுத்தித் துடைத்தால் வெள்ளை, பட்டும் படாமல் துடைத்தால் அரைநிழல். தப்பாகிவிட்டால் தூரிகையால் மூடிவிட்டு மறுபடி துடைக்கலாம். நல்ல இருட்டு தேவைப்படும் இடத்தில் மட்டும் அம்பரை ட்யூபிலிருந்து அப்படியே எடுத்து மெல்ல வையுங்கள்.

இந்த ஒரு நிறப் படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள். கவசம் உருண்டு நிற்கிறதா? நின்றால் நிறத்துக்குப் போகலாம். நிற்கவில்லை என்றால் நிறம் அதைக் காப்பாற்றாது, துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். என் மாணவர்கள் பலரை இந்தக் கட்டத்திலேயே ஐந்தாறு படத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்குத் தெரிந்து இதைவிடக் குறுக்கு வழி இல்லை.

நிறத்துக்கு டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), லைட் ரெட் (மண் சிவப்பு), ரா அம்பர், ஐவரி பிளாக் போதும். இப்போது கறுப்பை வெளியே எடுக்கலாம், ஆனால் நீலத்தின் வேலைக்கு. கறுப்பில் வெள்ளை சேர்த்தால் லேசான நீலச் சாம்பல் வரும். மஞ்சளும் சிவப்பும் சுற்றி இருக்கும்போது அது நீலமாகவே கண்ணில் படும். சுண்ணாம்பு முகத்துக்கும் மருந்து இங்கே இருக்கிறது. பழைய ஓவியர்களிடம் இருந்தது ஈய வெள்ளை. அது கொஞ்சம் வெதுவெதுப்பான நிறம், மற்ற நிறங்களை விழுங்காது. நம் டைட்டானியம் குளிர்ச்சி, வேகமும் அதிகம். ஒரு துளி போதும், தோல் நிறம் செத்துவிடும். அதனால் வெளிச்சத்தை ஆக்கரிலும் லைட் ரெட்டிலும் கட்டிக்கொண்டே போய், மிக உச்சியான ஒன்றிரண்டு இடத்துக்கு மட்டும் வெள்ளையை மிச்சம் வையுங்கள். ஈய வெள்ளையைத் தேடிப் போகாதீர்கள், அது விஷம். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

விளிம்புகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகத்தின் வெளிச்சப் பக்கம் பின்னணியோடு சேரும் கோடு கூர்மையாக இருக்கலாம். நிழல்பக்கக் கோடு எங்கே என்று தேடினால் பல இடத்தில் கிடைக்காது. காதின் பின்புறம், தோள், தொப்பியின் ஓரம் எல்லாம் இருட்டில் கரைந்திருக்கும். நம் பிரதியில் நாம் அதைத் தேடிப்பிடித்துக் கோடு போட்டுவிடுகிறோம், ஏனென்றால் அங்கே ஒரு காது இருப்பது நமக்குத் தெரியும். தெரிந்ததை வரையாமல் விட மனசு வராது. ஈரமாக இருக்கும்போதே காய்ந்த தூரிகையால் அந்தக் கோட்டின் மேல் குறுக்காக ஒரு தடவை இழுத்துவிடுங்கள்.

தடிமனான மெதுவாய்க் காயும் பூச்சின் மேல் சீக்கிரம் காயும் பூச்சை வைக்காதீர்கள். ஐவரி பிளாக் காய நாளாகும், அம்பர் சீக்கிரம் காயும். நான் ஆரம்பத்தில் கறுப்பை அப்பி, அதன் மேல் அவசரமாக வண்ணம் ஏற்றிய ஒரு பிரதி, இரண்டாம் வருடம் ஏரி வறண்ட மாதிரி வெடித்துவிட்டது. இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு.

இப்போது நான் மிகவும் வலியுறுத்தும் விஷயம். ஒரு பிரதி முடிந்ததும் அடுத்த பிரதிக்குப் போகாதீர்கள். அதே விளக்கை உங்கள் அறையில் வையுங்கள். ஒரு பித்தளைச் சொம்பு, பின்னால் பழுப்புத் துணி, ஒன்பது வாட் மஞ்சள் பல்பு ஒன்று. பல்பைச் சுற்றிக் கறுப்பு சார்ட் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிக் கட்டுங்கள், வெளிச்சம் சிதறாமல் இருக்கும். ஓவியத்தில் அம்புக்குறி போட்டீர்களே, அதே கோணத்தில் இடது மேலோ வலது மேலோ பிடித்துப் பாருங்கள். மற்ற விளக்கெல்லாம் அணைத்துவிடுங்கள். சொம்பின் கழுத்தில் ஒரு மினுக்கு, வயிற்றில் அகன்ற மங்கலான வெளிச்சம், அதை ஒட்டி ஆழ்ந்த நிழல், அடியில் துணியிலிருந்து ஏறும் பழுப்பு எதிரொளி. தலைக்கவசத்தில் நீங்கள் நகலெடுத்த அத்தனையும் அங்கே இருக்கும். அதை அதே அம்பர் துடைப்பு முறையில் வரையுங்கள். ஒரு பிரதி, ஒரு சொம்பு. அடுத்த பிரதி, அடுத்த பொருள். பிரதியில் கற்றது நிஜமாகவே கைக்கு வந்ததா என்பது இங்கே தெரிந்துவிடும்.

ஜார்ஜ் த லா தூர் வரைந்த 'தச்சர் யோசேப்பு' லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1642 வாக்கில் வரைந்தது. அதில் குழந்தை இயேசு மெழுகுவர்த்தியை ஒரு கையால் மறைத்துப் பிடித்திருப்பார். சுடரின் வெளிச்சம் விரல்களை ஊடுருவி விரலே எரிவது போல இருக்கும். நான் முதலில் அச்சில் பார்த்தபோது மிகைப்படுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். அந்த வருடம் கார்த்திகைக்கு என் அக்கா மகள் மாடிப்படியில் அகல் விளக்கைக் காற்றுக்கு அணையாமல் கையால் மறைத்தபடி ஏறி வந்தாள். விரல் இடுக்குகள் மாதுளம் முத்து நிறத்தில் இருந்தன. முகத்தில் கீழிருந்து வெளிச்சம், புருவத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை. அவளை அப்படியே படியில் நிற்கச் சொல்லிப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். லா தூர் ஒன்றையும் மிகைப்படுத்தவில்லை.

சென்னையிலேயே நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் உண்டு. காட்சியில் இருக்கும்போது போய், நிழலில் வண்ணம் எவ்வளவு மெல்லிசு, நகையின் மினுக்கில் எவ்வளவு தடிமன் என்று பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். அச்சில் இது தெரியவே தெரியாது. அவரும் பார்த்துக் கற்றவர்தான். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, அவர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும்தான் ரவிவர்மாவுக்கு வாய்த்தது. 1873-இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டார். நம் காலத்தில் கும்பகோணம் பக்கத்து ஓவியர் இளையராஜா. 2021-இல் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார், நினைத்தால் இன்றும் ஆறவில்லை. பழைய வீட்டின் ஜன்னல், வாசல் வழியாக வரும் வெளிச்சத்தில் நம் கறுப்பு நிறப் பெண்களை அவர் வைத்த விதத்தைப் பாருங்கள். கருந்தோலில் ஒளி எப்படி விழுகிறது என்பதற்கு ஐரோப்பிய ஓவியங்களில் உங்களுக்குப் போதுமான பாடம் கிடைக்காது.

மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலையை ஒருநாள் காலை ஆறரைக்கும், அதே நாள் பன்னிரண்டு மணிக்கும் பாருங்கள். காலையில் கடல் பக்கத்து வெயில் சாய்வாக வந்து ஒவ்வொரு தசையையும் பிரித்துக் காட்டும். மத்தியானம் உச்சி வெயிலில் தோளும் தலையும் மட்டும் வெளுத்து, கீழே எல்லாம் ஒன்றாகிவிடும். சிலை அதேதான், விளக்கின் இடம் மாறியிருக்கிறது.

வகுப்பு இல்லாமல் முடியுமா என்றால், முடியும். ஆனால் மாதத்துக்கு ஒருமுறையாவது வரையத் தெரிந்த ஒருவர் உங்கள் படத்தைப் பார்க்கட்டும். கிடைக்காவிட்டால் படத்தைக் கண்ணாடியில் பாருங்கள், தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்து மூலத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கான்வாஸைச் சுவரை ஒட்டிச் சாய்க்காதீர்கள், பூஞ்சை வந்துவிடும். நாலு விரல் இடைவெளி விடுங்கள். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், குவித்து வைத்த துணி தானே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

கடைசியாக, பிரதியை மூலத்தின் அளவிலேயே எடுக்காதீர்கள். லூவரில் பிரதி எடுப்பவர்களுக்கும் இதே விதிதான், அளவு மாறியிருக்க வேண்டும். பின்பக்கத்தில் மூல ஓவியர் பெயர், அதன் கீழே 'பிரதி' என்று எழுதி, உங்கள் பெயரும் தேதியும் போடுங்கள். அதற்குக் கீழே ஒளி வந்த திசைக்கு ஓர் அம்புக்குறி.